கிளினிக் அட்டையின் பின்பக்கம்

இந்த நாட்டுக்குள் லமினேட்டிங் மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நேரே போய் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வருவேன். எங்கள் சனம் எதையெல்லாம் அதற்குள் கொடுத்து எடுத்திருக்கிறது! பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கலியாணப் படம், செத்தவர்களின் அடையாள அட்டை, காணாமல் போனவர்களின் பாஸ்போட் சைஸ் படம், ஒன்றையும் விடவில்லை. ஓடி ஓடி நனைந்த சனம். கடல்நீரேரியைக் கடக்கும்போது நனைந்தது, பங்கருக்குள் தண்ணீர் வந்து நனைந்தது, முகாமில் கூடாரம் ஒழுகி நனைந்தது. எங்கேயாவது ஓரிடத்தில் வந்து குந்தியவுடன் முதல் வேலையாக போட்டோகொப்பி எடுக்கும் ஒரு கொமினிகேஷன் கடையைத் தேடிப்போய், மிச்சம் இருந்ததையெல்லாம் பிளாஸ்டிக்குக்குள் அடைத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர்களைப் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதையெல்லாம் பிறகு என் மேசையில் கொண்டுவந்து வைத்து, "இதைக் கொஞ்சம் திறந்து தெளிவாக்கித் தாருங்கோ மிஸ்" என்றால் நான் என்ன செய்ய?

திறக்க முடியாது. சூடாக்கி ஒட்டிய பசை கடதாசியின் நாருக்குள் இறங்கிவிடும். வருடம் போகப்போக மை கடதாசியை விட்டுப் பசைக்குள் ஏறிவிடும். உரித்தால் எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோடு போய்விடும், வெறும் கடதாசிதான் மிஞ்சும். இதைச் சொன்னால் சனம் நம்பாது. "பாதுகாப்பாத்தானே மிஸ் வச்சனாங்கள்?" என்று கேட்கும். ஓம், பாதுகாப்பாகத்தான் வைத்தீர்கள்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தையல் கடைக்கு மேலே இரண்டு அறையில். ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் சொந்தக் காசில் தொடங்கிய காப்பகம். அவரை நாங்கள் ஐயா என்போம். யுத்த காலத்துப் படங்களும் வரைபடங்களும் அழிந்துபோக முன் சேர்த்து வைக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்கு இதைவிட மோசமான இடத்தை அவரால் தேடிப் பிடித்திருக்க முடியாது. யன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, மூடினால் பூஞ்சணம். றெயில் போகும் ஒவ்வொரு தடவையும் இரும்பு அலுமாரி முழுவதும் கிடுகிடுவென்று ஆடும். ஏசி மாதத்துக்கு ஒருதடவை நின்றுவிடும். திருத்த வருகிறவர் ஏணியில் நின்றபடியே, "நோனா, கேஸ் இவறய்" என்பார். காஸ் முடிந்துவிட்டதாம். எப்போது வந்தாலும் அவருக்கு அது ஒன்றுதான் முடிந்திருக்கும்.

நான் ஓர் அரசாங்கக் கந்தோரில் படவரைஞராக இருந்து பென்சன் எடுத்தவள். பாமன்கடையில் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். "வரைபடம் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும், ஆறு மாதம் மட்டும் வாருங்கோ" என்று ஐயா கேட்டார். அந்த ஆறு மாதம் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. படி ஏறும்போது இப்போது முழங்கால் இரண்டும் சண்டை பிடிக்கின்றன.

உடம்புக் களைப்பு ஒரு பக்கம் கிடக்கட்டும். பார்த்துப் பார்த்து வரும் களைப்பு வேறு. சிரிக்கிற பிள்ளைகள், பின்னால் சைக்கிள், அதற்குப் பின்னால் ஒரு வீடு. பிள்ளையும் இல்லை, சைக்கிளும் இல்லை, வீடும் இல்லை. அதை ஸ்கேன் பண்ணி, இலக்கம் போட்டு, உறையில் இட்டு, அடுத்ததை எடுக்கவேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொருவரையும் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, படத்தின் கதையைக் கேட்டேன். அவர்கள் அழுதார்கள், நானும் அழுதேன், வேலை நின்றது, இரவில் நித்திரை போனது. பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். கதை கேட்பதில்லை. யார், எங்கே, எந்த வருடம் என்று மட்டும் கேட்பேன். சொல்ல வந்தாலும், "அதைப் பிறகு கதைப்பம்" என்று வெட்டிவிடுவேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று கீழே தையல் கடையில் சொன்னார்களாம். சொல்லட்டும்.

அந்தப் பெண் வந்தது அப்படி நான் யாரோடும் கதைக்க விரும்பாத ஒரு நாளில். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டில்லை. கைப்பைக்குள்ளிருந்து துவாயில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். லமினேட் செய்தது. எனக்கு அங்கேயே கோபம் ஏறிவிட்டது.

"இதையும் லமினேட் பண்ணிப்போட்டீங்களா?"

"ஓம் மிஸ். உக்கிப்போகுமெண்டு பயத்தில..."

ரோஸ் நிறத்துக் கிளினிக் அட்டை. பெண் குழந்தை பிறந்தால் தருவார்களே, அது. முன்பக்கம் குழந்தையின் நிறையைக் குறிக்கும் கோட்டுப்படம். யாரோ ஒரு மருத்துவ மாது மாதாமாதம் புள்ளி வைத்து இணைத்திருந்தாள். கோடு ஒழுங்காக ஏறி, பிறகு படுத்து, பிறகு சரிந்து, ஓரிடத்தில் நின்றிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. நான் அட்டையைத் திருப்பினேன்.

பின்பக்கம் ஒரு காலத்தில் ஒரு வரைபடமாக இருந்திருக்கவேண்டும். நீலக் குமிழ்முனைப் பேனாவால் கீறியது. இப்போது ஆவி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் அங்கங்கே ஒரு வளைவு, ஓர் எழுத்தின் கொம்பு. நடுவில் பெரிய சிவப்புக் கறை, அதைச் சுற்றி மஞ்சள், எண்ணெய்ப் பொட்டுகள். சாமித்தட்டில் வைத்திருந்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நாங்கள் எதைத்தான் சாமித்தட்டில் வைக்காமல் விட்டோம்?

"அவர் கீறினது மிஸ். என்ர ஹஸ்பண்ட். பிள்ளையைத் தாட்ட இடம்."

சைவர்களில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பதும் வழக்கம். ஊர் உலகமே இடிந்து விழும்போதும் அந்த வழக்கம் மட்டும் நின்றிருக்கிறது. ஷெல் விழுந்துகொண்டிருக்கும்போது தகப்பன் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாராம். தாய் பங்கருக்குள்ளேயே இருந்தாளாம். திரும்பி வந்தவர் இவள் கையிலிருந்த கிளினிக் அட்டையை வாங்கி, பின்பக்கத்தில் இடத்தைக் கீறிக் கொடுத்திருக்கிறார். இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில் சொன்னதால்தான் நான் கேட்கவேண்டி வந்தது.

"இப்ப ஏன் வேணும்?" என்றேன்.

"அந்தக் காணி இவ்வளவு காலமும் ஆமியின்ர முள்ளுக்கம்பிக்குள்ள கிடந்தது. இப்ப விட்டிட்டாங்கள். ஆரோ இறால் பண்ணை போடப்போறாங்களாம். மழைக்கு முதல் டோசர் இறக்கப்போறாங்களெண்டு அங்க இருக்கிற சொந்தக்காரர் போன் பண்ணினவர். என்ர ஹஸ்பண்ட் இருந்தா கூட்டிக்கொண்டு போயிருப்பார். அவரும் போய்ச் சேந்திட்டார், ஹார்ட் அட்டாக். எனக்கு இடம் தெரியாது மிஸ். ஒருக்கா அதில போய் நிக்கவேணும். ஒரு கற்பூரம் கொளுத்தவேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அட்டையின் சிவப்புக் கறைப் பக்கம் விரலைக் கொண்டுபோனாள். "இதில மிஸ்..." என்று தொடங்கினாள். அன்றைக்கு எனக்குத் தலையிடி. ஏசி வேறு நின்றுபோய் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"எனக்கு விளங்குது. அதைப் பிறகு கதைப்பம்," என்று வெட்டிவிட்டேன். "ஒரிஜினல் இங்க இருக்கட்டும். இதைக் கொண்டு பஸ்ஸில திரியாதேங்கோ. தெளிவா ஒரு கொப்பி எடுத்துத் தாறன். அதைக் கொண்டு போங்கோ."

கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அது பிடிக்காது. "சரி சரி, போட்டு வாருங்கோ," என்றேன்.

வேலையென்று இறங்கினால் நான் சோம்பேறி இல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கைத் தொடவேயில்லை. வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்து, பேனா அழுத்திய பள்ளமாவது தெரிகிறதா என்று பார்த்தேன். லமினேட் பண்ணிய சூடு அதையும் தட்டையாக்கிவிட்டது. கடைசியில் பெரிய அளவில் ஸ்கேன் பண்ணிக் கணினியில் நிறங்களைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் குங்குமம் கடதாசியோடு கடதாசியாக வெளுத்துவிடும், நீல மை கறுத்து நிற்கும். அப்படித்தான் நின்றது. இரண்டு நாள் கண் எரிய எரிய இருந்து, ஒவ்வொரு கோடாக மீட்டேன். இடது பக்கம் ஒரு வட்டம், "கிணறு" என்று எழுத்து. நடுவில் சின்னக் கூரையும் சூலமும், "வைரவர்". வலது பக்கம் "தென்னை". மேலே கடல்நீரேரியின் கரையாக ஒரு வளைந்த கோடு, "களப்பு". கிணற்றிலிருந்து தென்னை வரைக்கும் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு. கறையை முழுக்கத் துடைத்து, எண்ணெய்ப் பொட்டுகளைத் துடைத்து, பின்னணியை வெள்ளையாக்கினேன்.

கறைக்குக் கீழே ஏதாவது குறி இருக்குமோ என்றும் பார்த்தேன், பார்க்காமல் விடவில்லை. ஒன்றுமில்லை, வெறும் அட்டை. அப்படியானால் புள்ளிக்கோடு முடிகிற இடம்தான், தென்னையடிதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். பிணத்தை மரத்தடியில் புதைப்பது உலக வழக்கம்தானே?

ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார். "மியூசியத்தில வைக்கலாம். இதைப் பாத்தா ஆரும் அழுக்கா இருந்ததெண்டு சொல்லமாட்டினம்." அவர் அப்படி ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் ஆசுபத்திரி வேலை இருந்தது, ஒரே போக்கில் இரண்டையும் முடிக்கலாம் என்று நினைத்தேன். திரீவீல்காரத் தம்பி ஏற்றத்தில் முக்கி முக்கி ஏறி, கோயில் தாண்டி ஒரு சந்துக்குள் விட்டான். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்தின் கிரேன்கள் கூரைகளுக்கு மேலே தெரியும். அவள் தன் தங்கை வீட்டின் மேல்மாடியில் ஓர் அறையில் இருந்தாள். கட்டில், காஸ் அடுப்பு, சுவரில் சாமித்தட்டு. பிள்ளையார், முருகன், பக்கத்தில் பிளாஸ்டிக் மாலை போட்ட புருஷனின் படம், அதற்கு முன்னால் எரியும் சின்னச் சிவப்பு பல்ப். பிள்ளையாருக்கும் புருஷனுக்கும் நடுவில் ஓர் இடைவெளி, அட்டை இருந்த இடம். அதன் முன்னால் குங்குமச் சிமிழ்.

அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எவ்வளவு மொக்கு நான்!

உறையைப் பிரித்து வரைபடத்தைக் கையில் எடுத்தவள் கட்டிலில் இருந்துவிட்டாள். பிறகு விரலை ஓடவிட்டு எழுத்தைத் தடவினாள். "கி...ண...று..." பள்ளிக்கூடப் பிள்ளை வாசிக்கிறமாதிரி ஒவ்வொன்றாக வாசித்தாள். "வைரவர். பாருங்கோ மிஸ், அவர் எப்பவும் 'ர'வுக்குக் கால் நீட்டித்தான் விடுறவர். இவ்வளவு காலமும் இது எனக்குத் தெரியேல்ல. மங்கிப்போச்சு. அவரின்ர எழுத்து. ஐயோ, அவரின்ர எழுத்து."

அழுதாள். நான் யன்னலுக்கு வெளியே கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எழுத்தைப் பார்த்தாள். வேறொன்றையும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும் தந்தாள். குடிக்காமல் விடமாட்டாள் என்று தெரிந்ததால் குடித்தேன்.

"எப்ப போறியள்?"

"வாற கிழமை மிஸ். பஸ்ஸில போய், சொந்தக்காரற்ற வீட்டில நிண்டு, விடிய அங்க போவன்."

"சரி. கவனமாப் போட்டு வாருங்கோ. போன் நம்பர் இருக்குத்தானே, ஏதும் தேவையெண்டா எடுங்கோ." மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. ஒருவரும் எடுப்பதில்லை.

அவள் எடுத்தாள். அடுத்த கிழமை, காலைநேரம். ஐயா இன்னும் வந்திருக்கவில்லை. நான் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டிய படங்களுக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தேன். போனில் காற்று இரைகிற சத்தம்.

"மிஸ், நான்தான். அங்க வந்து நிக்கிறன்."

"ஆ, போட்டீங்களா? நல்லது. இடம் கண்டுபிடிச்சீங்களா?"

"மிஸ், பொட்டைக் காணேல்ல."

"எந்தப் பொட்டு?"

"மேப்பில வச்ச பொட்டு. நீங்க தந்ததில பொட்டில்லை. வடிவா இப்பதான் பாத்தனான். கிணறு இருக்கு, தென்னை இருக்கு, வைரவர் இருக்கு. பொட்டு மட்டும் இல்லை. பொட்டு வச்ச இடத்திலதான் மிஸ் பிள்ளை."

கையில் இருந்த உறையை மேசையில் வைத்தேன். "கறைக்குக் கீழ ஒரு குறியும் இல்லையே," என்றேன். "நான் பாத்தனான். உங்கட ஹஸ்பண்ட் அதில ஒண்டும் கீறேல்ல."

"அவர் கீறேல்லத்தான். எப்பிடிக் கீறுறது? புள்ளடிக் குறி போட்ட மேப்போட ஆமியிட்டப் பிடிபட்டா ஆயுதம் தாட்ட இடமெண்டு சொல்லி அடிச்சே சாக்காட்டிப்போடுவாங்கள். அவர் விரலால தொட்டு, 'இதில'யெண்டு காட்டினவர். அவர் விரல் எடுக்க முதல் நான் அந்த இடத்தில பொட்டை வச்சனான். பங்கருக்குள்ள குங்குமத்துக்கு எங்க போறது? என்ர நெத்தியில இருந்ததைத் தொட்டுத்தான் வச்சனான். பிறகு லமினேட் பண்ணுறவரைக்கும் ஒவ்வொரு வருசமும் அவளின்ர திதியில அதிலயே வச்சு வச்சு வந்தனான். செக் பொயின்ட்டில கிளினிக் கார்டில குங்குமம் கிடந்தா ஆர் கேக்கப் போறாங்கள்?"

அன்றைக்கு அவள் விரலைக் கொண்டுபோய், "இதில மிஸ்..." என்று தொடங்கியது இதைச் சொல்லத்தான்.

"வைரவருக்குக் கிட்ட எண்டு நினைவு," என்றாள். "முன்னாலயோ பின்னாலயோ எண்டு சொல்லத் தெரியேல்ல மிஸ். கீறினதெல்லாம் மங்கின பிறகு நான் பொட்டைப் பாத்துப் பொட்டைத்தானே வச்சனான்."

"உங்கட போனில படம் வருமோ? வாட்ஸ்அப்?"

"இது பட்டன் போன் மிஸ்."

"டோசர் காரர் நிக்கிறாங்களா?"

"அங்கால ரெண்டு மிஷின் நிக்குது. ஒருபக்கம் வழிச்சுப்போட்டாங்கள். இந்தப் பக்கம் நாளைக்கு எண்டு சொன்னாங்கள்."

எனக்கு வந்த கோபத்துக்கு யாரை ஏசுவது என்று தெரியவில்லை. லமினேட்டிங் மெஷினையா, சண்டையையா, அந்த வெள்ளை வெளேரென்ற பிரதியையா? "போனை வைக்காதேங்கோ. அப்பிடியே நில்லுங்கோ," என்றேன். முழங்காலைப் பார்க்காமல் உள்ளறைக்கு ஓடினேன். அட்டை கீழ்த்தட்டில், அமிலமில்லாத உறைக்குள், இலக்கம் போட்டுக் கிடந்தது. கொண்டுவந்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் என் பிரதியை அதே அளவில் அடித்து வைத்தேன். ஒன்றில் கோடு இருந்தது, பொட்டு இல்லை. மற்றதில் பொட்டு இருந்தது, கோடு இல்லை. கந்தோர்க் காலத்து ட்ரேசிங் தாள் கொஞ்சம் மேசை லாச்சிக்குள் இருந்தது. அட்டையின் மேல் விரித்து மூலைகளைச் சரிபார்த்து, கறையைப் பென்சிலால் சுற்றினேன். கறை பெரிது. வருடாவருடம் வைத்து வைத்துப் பரந்திருந்தது. உருப்பெருக்கியை வைத்துக் குனிந்து பார்த்தபோது, நடுவில் இல்லை, ஓர் ஓரமாக, மற்றவற்றுக்கெல்லாம் அடியில், கபில நிறத்தில் சின்னதாக ஒன்று தெரிந்தது. ஒரு விரல் நுனியளவு. முதல் பொட்டு. அவள் நெற்றியிலிருந்து வந்தது.

அதில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். தாளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிரதியின் மேல் போட்டேன். வைரவருக்குப் பின்னால், களப்புப் பக்கம். தென்னையடியே இல்லை; புள்ளிக்கோடு வெறும் நடைபாதை போலும்.

"இருக்கிறீங்களா?"

"நிக்கிறன் மிஸ்."

"வைரவர் கோயில் கிடக்கோ?"

"கோயில் எங்க! சூலம் நட்ட கல்லு மட்டும் கிடக்கு. பத்தைக்குள்ள."

"அது போதும். கிணறு?"

"மூடிப்போட்டாங்கள். கட்டின வளையம் கொஞ்சம் தெரியுது."

"நல்லது. இப்ப கல்லுக்கிட்டப் போங்கோ. கிணறு உங்கட இடக்கைப் பக்கம் வரவேணும். மேப்பில தென்னை இருக்கிற பக்கம் வலக்கை. வந்திட்டுதோ?"

பத்தை சரசரக்கும் சத்தம். அவள் மூச்சு வாங்கினாள். "முள்ளு மிஸ். ம்... ஓம். வந்திட்டுது."

"அப்ப உங்களுக்கு முன்னால களப்பு இருக்கவேணும்."

"ஓம். தண்ணி தெரியுது."

"கல்லை விட்டு நேர களப்பைப் பாத்து நடவுங்கோ. மெல்ல." கிணற்றுக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தேன். மனுசன் அந்த நேரத்தில் அளவுகோல் வைத்தா கீறியிருப்பார்? ஆனால் வாழ்நாள் முழுக்க நான் வாசித்த வரைபடங்களில், கீறியவன் மனதில் இடம் தெளிவாக இருந்தால் அளவு பெரிதாகப் பிழைப்பதில்லை. "கிணத்துக்கும் கல்லுக்கும் எவ்வளவு தூரமோ, அதில பாதிதான். அதைவிடப் போகாதேங்கோ. பிறகு இடக்கைப் பக்கம் கொஞ்சம் சரியுங்கோ. கொஞ்சம்தான்."

சத்தம் நின்றது. காற்று மட்டும் இரைந்தது. எங்கள் பக்கம் றெயில் ஒன்று போய் அலுமாரிகள் ஆடின. ட்ரேசிங் தாள் நழுவாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா," என்றாள். அதுவரைக்கும் மிஸ். "இதில நிலம் கொஞ்சம் தாண்டு கிடக்குது."

களப்போரத்து மணலில் தாழ்ந்த இடங்கள் ஆயிரம் இருக்கும். மழையில் தாழும், மாடு படுத்துத் தாழும், ஷெல் விழுந்தும் தாழும். படவரைஞராக நான் அதற்குச் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் எனக்கு முன்னால் இருந்த தாளில் பென்சில் புள்ளி அந்த இடத்தில்தான் இருந்தது.

"அதுதான்," என்றேன். "அதில நில்லுங்கோ."

நெருப்புப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. காற்றில் நூர்ந்திருக்கவேண்டும், திரும்பத் திரும்ப உரசினாள். பிறகு அவள் கதைக்கத் தொடங்கினாள். என்னோடு அல்ல. குழந்தைக்குச் சொன்னதை எல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா வந்திட்டன் என்று தொடங்கினாள் என்பதை மட்டும் சொல்கிறேன். கதை கேட்பதில்லை என்று விதி வைத்திருந்த நான், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முழுவதையும் கேட்டேன். அழுகை வந்தது, அழுதேன். கண்ணீர் அட்டையில் படாமல் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். தொழில் புத்தி எங்கே போகும்?

ஐயா படியேறி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் வெளி அறையிலேயே இருந்துகொண்டார்.

வெகுநேரத்துக்குப் பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, இருக்கிறீங்களோ?" என்றாள்.

"இருக்கிறன்."

"அவர் இருந்திருந்தா இப்ப ஏசியிருப்பார். பொம்பிளையள் வாற இடமோ இதெண்டு."

"ஏசட்டும்," என்றேன்.

சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

"போனை வைக்காதேங்கோ அக்கா. கொஞ்ச நேரம் நீங்களும் நில்லுங்கோ."

வைக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பி நின்றேன்.